மழை குறைந்தால் யாருக்குக் குறைகிறது?

(பங்கின் பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கோயில் எழும்பிய வரலாறு, தேர் வந்த வரலாறு, பள்ளி வளர்ந்த வரலாறு ஆகியவற்றைப் பேச நம்மைவிடத் தகுதியுடையோர் இந்த மேடையில் வீற்றிருக்கிறார்கள். விழாக் குழுவினர் நமக்குக் கொடுத்த தலைப்பு 'காலநிலை நீதி'. கற்றறிந்தவர்களும் களத்தில் நின்று உழைப்பவர்களும் இந்தக் காரியத்தில் எவ்வாறு சேர்ந்து பணியாற்றினார்கள் என்பதை நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையை வைத்துச் சொல்லுங்கள் என்றார்கள். பெயரைக் கேட்டால் வெளிநாட்டுச் சரக்கு போலத் தோன்றும். சங்கதியோ நம் கண்மாய்க் கரையில் அன்றாடம் நடப்பது.

நம் மண்ணின் மழையை முதலில் எண்ணிப் பார்ப்போம். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் பெய்கின்ற பூமி இது. அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் வந்துவிட வேண்டும். 800 மில்லிமீட்டர் என்பது பாலைவனத்து மழை அன்று. ஆனால் அது விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாட்களில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. மற்ற நாளெல்லாம் திருச்சுழியில் குண்டாறு வெறும் மணல்தான். இதை அறிந்தே நம் முன்னோர் கண்மாய்களைச் சங்கிலி போல வெட்டி வைத்தார்கள். மேல் கண்மாய் பெருகிக் கலுங்கு வழிந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. அதுவும் பெருகினால் அதற்கும் கீழே ஒன்று. தண்ணீர் எட்டிய இடத்தில் நெல். எட்டாத கரிசலில் பருத்தி, உளுந்து, மல்லி, குதிரைவாலி.

இந்த ஏற்பாட்டை வானம் இப்போது இரண்டு பக்கமும் உலுக்குகிறது. 2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதிலும் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 1876-க்குப் பின், அதாவது நம் பாட்டிமார் சொல்லக் கேட்ட தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், அவ்வளவு பொய்த்த பருவம் இல்லை. 2017 சனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசே அறிவித்தது. ஆறு ஆண்டு கழிந்து, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நமக்குத் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. நம் சீமைக்கு ஓராண்டு முழுவதும் பெய்கின்ற மழையைவிட அது அதிகம்! கடல் சூடேறுவதால் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கிறது, ஆகவே பெய்தால் கனமாகப் பெய்கிறது, பெய்யாவிட்டால் நெடுநாள் காய்கிறது என்று விஞ்ஞானிகள் விளக்குகிறார்கள். இதில் நமக்குச் சந்தேகம் இல்லை.

நாம் கேட்க வந்த கேள்வி வேறு. மழை குறைந்தால் யாருக்குக் குறைகிறது? எல்லோருக்கும் ஒரே அளவாகவா குறைகிறது?

இந்தக் கேள்வியை உலக அரங்கில் உரக்கக் கேட்டவர்கள் நம் நாட்டவர் என்பது நம் இளைஞர் பலருக்குத் தெரியாது. பூமியைச் சூடேற்றும் குற்றத்தில் இந்தியாவுக்கும் பெரும் பங்கு உண்டு என்று அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று கணக்குப் போட்டது. எப்படியென்றால், நம் நெல் வயலிலிருந்தும் மாட்டிலிருந்தும் எழுகின்ற மீத்தேன் வாயுவையும் சேர்த்து! 1991-ல் டில்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் அந்தக் கணக்கை மறுத்து ஒரு சிறு நூல் எழுதினார்கள். பிழைப்புக்காக ஏழை வெளியிடும் புகையையும் ஆடம்பரத்துக்காகச் செல்வன் வெளியிடும் புகையையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பது அவர்களுடைய வாதம். அவர்கள் நடத்திய நிறுவனமே பின்னர் நம் ஏரி, கண்மாய்களைப் பற்றியும் நூல்கள் வெளியிட்டது. படிப்பாளி எது, போராளி எது என்று பிரித்துச் சொல்ல முடியாத வாழ்க்கை அகர்வாலுடையது. 2002 சனவரியில் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் டில்லியில் உலக நாடுகளின் மாநாடு கூடியபோது, உழவர்களும் மீனவர்களும் பழங்குடி மக்களும் வெளியே தனியாகக் கூடிக் காலநிலை நீதி கேட்டார்கள். பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் 'லௌதாத்தோ சி' மடலை வெளியிட்டபோதும் அதை அறிமுகம் செய்த மேடையில் ஒரு காலநிலை விஞ்ஞானி அமர்ந்திருந்தார் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும்.

இனி டில்லியை விட்டு நம் கண்மாய்க்கு வருவோம். நம்மிடம் சொல்ல அதிகம் இருப்பது இங்கேதான்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. 40 எக்டருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித்துறை வசம் இருந்தன. அதற்குக் கீழ்ப்பட்டவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. 1984-க்குப் பின் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு பெரிய கண்மாய்களை நவீனப்படுத்தும் திட்டம் வந்தது. மடைக்குக் கீழே வாய்க்கால்களுக்குச் சிமெண்டு பூசுவது அதில் பெரிய வேலை. மேலே, காட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டிய வரத்துக்கால் தூர்ந்து, ஆக்கிரமிப்பில் கிடக்கும். கீழே வாய்க்கால் பளபளவென்று இருக்கும். சோறு வடிக்க அரிசி இல்லாத வீட்டில் பாத்திரத்துக்கு ஈயம் பூசிய கதை என்று ஒரு பெரியவர் சொன்னார். நியாயமான பேச்சு.

இந்தக் குறையைக் கண்டவர்கள் பொறியாளர்களிலேயே இருந்தார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் சக்திவடிவேல் அவர்களில் ஒருவர். அவர் பின்னர் இலங்கைக்குச் சென்று, அங்கே வறண்ட மண்டலத்துச் சிறு குளங்கள் தனித்தனியே நிற்பவை அல்ல, ஒரே ஓடைச் சரிவில் தொடராக அமைந்தவை என்பதைப் பானபொக்க போன்ற மண்ணியல் அறிஞர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார். ஒரு குளத்தைத் திருத்தினால் அடுத்த குளத்துக்கு என்ன ஆகும் என்று கேட்கக் கற்றுக் கொடுத்த ஆராய்ச்சி அது. நம் சீமையின் சங்கிலிக் கண்மாய்களுக்கும் அப்படியே பொருந்தும். மேல் ஊரார் தங்கள் கலுங்கை ஓர் அடி உயர்த்திவிட்டால், அந்த ஆண்டு மழை குறைந்தால், கீழ் ஊர்க் கண்மாயில் தவளைகூடக் கத்தாது.

இதே காலத்தில் மதுரையை மையமாகக் கொண்டு, முதலில் 'பிரதான்' அமைப்பின் வழியாகவும், 1997 முதல் 'தானம் அறக்கட்டளை' என்ற பெயரிலும் சிலர் கண்மாய் வேலையில் இறங்கினார்கள். அவர்கள் கட்டிய உழவர் சங்கங்களுக்கு 'வயலகம்' என்று பெயர். ஆயக்கட்டுக்காரர்கள் கூடி உட்கார்ந்து, எந்த வேலை முதலில் என்று தாங்களே தீர்மானித்து, செலவில் ஒரு பங்கைத் தாங்களே பணமாகவோ உழைப்பாகவோ கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலான ஊர்களில் மக்கள் முதலில் கேட்டது வரத்துக்காலைத்தான். பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்ற பொறியாளர்களும் அறிஞர்களும் அவர்களோடு கரையில் நடந்தார்கள். மட்டக்கருவி பிடிக்கத் தெரிந்தவருக்கும், எந்த மூலையில் மண் அரிக்கும் என்று பரம்பரையாகத் தெரிந்தவருக்கும் இடையே நடந்த பேச்சு அது. அரசும் 2017-ல் 'குடிமராமத்து' என்ற பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்து, 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகளை அறிவித்தது. பெயரைத் திரும்பக் கொண்டுவருவது எளிது. குடிகளைத் திரும்பக் கொண்டுவருவதே கடினம் என்பது நம் கருத்து.

இந்த இடத்தில் நம் பங்கு மக்கள் கூர்ந்து கேட்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. பழைய காலத்தில் ஊர் ஒற்றுமையாக இருந்தது, எல்லோரும் கூடிக் கண்மாயைப் பார்த்தார்கள், வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்று மேடைதோறும் பேசுகிறோம். டேவிட் மோஸ் என்ற ஆங்கிலேய மானிடவியல் அறிஞர் 1980-களில் நமக்கு அடுத்த சிவகங்கைச் சீமையில் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்தார். பின்பு ஆக்ஸ்பாம் தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதியாகத் தென்னிந்தியாவில் பணி செய்தார். கண்மாய்ச் சீரமைப்பில் ஈடுபட்டவர்களோடு சேர்ந்து உழைத்தார். 2003-ல் அவர் வெளியிட்ட நீராட்சி பற்றிய நூல், நாம் ஆசையோடு சொல்லிவரும் பழங்கதையை அப்படியே ஏற்கவில்லை. கண்மாய் என்பது நீரை மட்டும் தேக்கவில்லை, ஊரின் ஏற்றத்தாழ்வையும் தேக்கி வைத்திருந்தது என்று காட்டினார். சேதுபதிகளும் சிவகங்கை மன்னர்களும் கண்மாய் வெட்டியது ஆட்சியை நிலைநாட்டவும்தான். மடையைத் திறந்து தண்ணீர் பாய்ச்சிய நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் ஆகியோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள். ஆனால் மடையைத் திற, மூடு என்று சொன்ன வாய் வேறு ஒருவருடையது. மண்ணைக்கூட அவர் விடவில்லை: செம்மண் ஊர்களில் நீர்ப் பங்கீட்டு முறை கெட்டியாகவும், கரிசல் ஊர்களில் தளர்ந்தும் இருக்கக் கண்டார்.

அவர் தங்கியிருந்தது கத்தோலிக்கர் நிறைந்த ஊர் என்பது நமக்கு இன்னும் நெருக்கமான விஷயம். அந்த ஊரைப் பற்றி 2012-ல் இன்னொரு நூலும் எழுதினார். கண்மாய் மீனும் மரமும் ஏலம் போன பணம் ஊர்ப் பொதுவுக்கும் திருவிழாவுக்கும் போன வழக்கம், திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை, யார் எந்த ஊழியம் செய்ய வேண்டும் என்ற வரிசை, தலித் கிறிஸ்தவர்கள் அந்த வரிசையை எதிர்த்து ஊழியத்தை மறுத்துத் தங்கள் உரிமையைக் கேட்ட வரலாறு, எல்லாம் அவருடைய எழுத்தில் உண்டு. இதை நாம் சொல்வது யாரையும் புண்படுத்த அன்று. தேர் எந்தத் தெரு வரை போகிறது என்பதும், தண்ணீர் எந்த வயல் வரை போகிறது என்பதும் ஒரே கையால் எழுதப்பட்ட கணக்காக இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் கணக்கு முழுவதும் அழிந்துவிட்டதா என்பதை நம் கிளைக் கிராமத்துப் பெரியவர்கள் அவரவர் மனத்துக்குள் விடை சொல்லிக் கொள்ளட்டும். மழை நன்றாகப் பெய்யும் ஆண்டில் இந்தக் கேள்வியே எழாது. கடைமடைக்கும் தண்ணீர் போய்விடும். பாதி மழை பெய்யும் ஆண்டில்தான் யார் வயலில் நிற்கிறது என்பது தெரியும்.

நம் மாவட்டமும் இந்தப் பணியில் வெறுங்கையோடு நின்றதில்லை. இது காமராசர் மாவட்டம் என்று அழைக்கப்பட்ட நாட்களில், 'ஸ்பீச்' என்ற தொண்டு நிறுவனத்தார் ஊர் மக்களோடு அமர்ந்து நில, நீர் வளங்களை மதிப்பிட்ட முறை பற்றிய கட்டுரை, 1991-ல் பெங்களூரில் நடந்த பயிற்சியாளர் கூட்டத்தின் தொகுப்பில் அச்சேறி இலண்டன் வரை சென்றது. அந்த முறை இதுதான்: அதிகாரி காகிதத்தில் வரைபடம் கொண்டுவருவதற்குப் பதிலாக, ஊர் மக்களே தரையில் கோலப்பொடியாலும் கல்லாலும் விதையாலும் தங்கள் ஊரை வரைவார்கள். ஓடை இங்கே, மேய்ச்சல் அங்கே, கிணறு வற்றியது இந்த ஆண்டில் என்று குச்சியால் காட்டுவார்கள். இராபர்ட் சேம்பர்ஸ் போன்ற பேராசிரியர்கள் இதை உலகெங்கும் பரப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கையில் குச்சியைக் கொடுத்துவிட்டுப் பேராசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதே அவருடைய போதனையின் சாரம். கொஞ்சம் கடினமான தவம்தான்!

குதிரைவாலியின் கதை தாய்மார்களுக்குப் பிடிக்கும். வறட்சியைத் தாங்கும் தானியம், சத்துள்ள தானியம், இதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று படித்தவர்கள் உழவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2011 முதல் 2014 வரை தானம் அறக்கட்டளையும் கனடாவின் மென்னோனைட் பல்கலைக்கழகமும் வேறு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய சிறுதானிய ஆய்வில், நமக்கு மேற்கே பேரையூர்ப் பக்கத்துக் குதிரைவாலி ஊர்களும் இடம்பெற்றன. அங்கே முக்கியமாகப் பார்க்கப்பட்ட ஒன்று, உமி நீக்கும் வேலை. குதிரைவாலியை விதைப்பது ஆண், உரலில் போட்டுக் குத்துவது பெண். ரேஷன் கடையில் அரிசி வந்தபின் எந்தப் பெண் மணிக்கணக்காகக் குத்துவாள்? ஆகவே ஊரில் வைத்து இயக்கக்கூடிய சிறு உமி நீக்கும் எந்திரத்தைச் சீர்செய்வதில் பொறியாளர்கள் இறங்கினார்கள். வறட்சியைத் தாங்கும் பயிர் வேண்டும் என்று மட்டும் பேசியிருந்தால், வறட்சியின் சுமை மொத்தமும் பெண்ணின் தோளில் ஏறியிருக்கும்.

படித்தவரும் பாடுபடுபவரும் சேராமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சீமைக்கருவேலம் சாட்சி. 2017-ல் உயர்நீதிமன்ற ஆணையால் அதை வேரோடு பிடுங்கும் வேலை மும்முரமாக நடந்தது. அது நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்றார்கள் ஒருசாரார். அதே ஆண்டிலேயே, அறிவியல் ஆய்வு வேண்டும் என்று இடைக்காலத் தடையும் வந்தது. கண்மாயின் உள்வாயை அது அடைத்துக்கொண்டிருப்பது உண்மை, அங்கே அதை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் நம் பக்கத்தில் மழை பொய்த்த ஆண்டின் அறுவடை கரிமூட்டம்தான் என்பதும் உண்மை. விறகு வெட்டியும் கரி சுட்டும் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்களைக் கூப்பிட்டு, இதை எடுத்தபின் நீங்கள் எதை வைத்துப் பிழைப்பீர்கள் என்று கேட்டவர் எத்தனை பேர்?

கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம், சுமார் 2,500 ஏக்கரில் எழுந்தது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்ல மாட்டோம். புகையில்லாத மின்சாரம் வேண்டும். நிலத்தை விற்றவருக்கு விலை கிடைத்திருக்கும். நிலமே இல்லாமல் அங்கே ஆடு மேய்த்தவருக்கும் களையெடுக்கப் போனவருக்கும் எந்தப் பத்திரத்தில் இடம்? காவிரியைக் குண்டாறு வரை கொண்டுவரும் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர். வந்தால் மகிழ்வோம். வரும்வரை வரத்துக்காலை வெட்டிக்கொண்டிருப்போம்.

இனி, பணக் கணக்கு. இங்கேதான் உழவரும் படித்த பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கிறது. 2015 முதல் 2020 வரை இருந்த பேரிடர் நிவாரண நெறிப்படி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயிர் சேதமானால் பாசன நிலத்துக்கு எக்டருக்கு 13,500 ரூபாய், மானாவாரிக்கு 6,800. 2022-ல் திருத்தினார்கள்: பாசனத்துக்கு 17,000, மானாவாரிக்கு 8,500. அப்போதும் பாதிதான். மானாவாரியில் செலவு குறைவு என்பது அதிகாரிகளின் விளக்கம். ஆனால் இறவைக்காரருக்குக் கிணறு என்ற இரண்டாவது வழி உண்டு, மானாவாரிக்காரருக்கு வானம் ஒன்றுதான் என்பதை அந்தக் கணக்கில் எந்த வரியில் எழுதினார்கள்? 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீடு தனி ஒருவருடைய வயலைப் பார்த்து வறட்சி இழப்பை அளப்பதில்லை. வருவாய்க் கிராமம் அல்லது பிர்க்கா முழுவதற்குமான சராசரி விளைச்சலைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. கண்மாய்த் தலைமடையில் விளைந்து கடைமடையில் கருகினால், சராசரி நன்றாகத் தெரியும். கருகியவருக்கு ஒன்றும் வராது. வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுபவர் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் சான்று வாங்க வேண்டும். எழுத்தில் குத்தகைச் சீட்டு இல்லாதவருக்கு நில உரிமையாளர் தயவு வேண்டும். கூலியாட்களுக்கோ இந்த இரண்டிலும் பெயரே இல்லை. 2017 வறட்சியில் நூறு நாள் வேலையை 150 நாளாக்கினார்கள், அவர்களுக்கு வந்தது அதுதான்.

ஆகவே பொன்விழாக் குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். கோயில் வளாகத்திலும், சம்மதிக்கின்ற கிளைக் கிராமம் ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி வையுங்கள். பெரிய செலவில்லை, ஒரு நாள் வாணவேடிக்கைச் செலவில் பாதி போதும். காலை எட்டரை மணிக்கு அளவெடுத்து நோட்டில் குறிக்க வேண்டும். வானிலைத் துறையார் அளக்கும் நேரமும் அதுவே, பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். மழையளவோடு கூட, கண்மாயில் தண்ணீர் எத்தனை அடி, மடை எந்தத் தேதியில் திறந்தது, கடைசி வயலுக்குத் தண்ணீர் எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது அல்லது சேரவில்லை, குடிதண்ணீர் ஊரணி எந்த மாதம் வற்றியது, பெண்கள் எத்தனை தூரம் குடம் தூக்கினார்கள், எத்தனை குடும்பம் திருப்பூருக்குப் போயிற்று என்பதையும் எழுத வேண்டும். கல்லூரியில் படிக்கின்ற நம் பிள்ளைகள் ஆண்டு முடிவில் அதைத் தொகுத்துத் தரட்டும். கோவிலாங்குளத்து வேளாண் ஆராய்ச்சி நிலையத்தாரிடம் காட்டிப் பிழை திருத்திக் கேட்கலாம். பிறகு அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போவோம். வெறுங்கையோடு போய் நிற்பதற்கும், பத்து ஊரின் தேதிவாரிக் கணக்கோடு போய் நிற்பதற்கும் வேற்றுமை உண்டு.

நோட்டை யார் எழுதுவது என்பதில் மட்டும் நமக்கு ஒரு பிடிவாதம். ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் அது இருக்கக் கூடாது. பங்கு அலுவலக அலமாரியில் பூட்டியும் வைக்கக் கூடாது. கடைமடையில் நிலம் உள்ள ஒருவரும், நிலமில்லாத ஒருவரும், தண்ணீர் சுமக்கின்ற ஒரு பெண்ணும் சேர்ந்து எழுதட்டும்; எழுதத் தெரியாவிட்டால் பள்ளிப் பிள்ளை ஒன்று உடன் உட்காரட்டும். தலைமடைக்காரர்கள் கோபிக்க வேண்டாம். உங்கள் வயலில் தண்ணீர் நின்றதா என்பது நோட்டு இல்லாமலே ஊருக்குத் தெரியும்.

ஐப்பசி பிறப்பதற்குள் தொடங்கினால்தான் இந்தப் பருவத்தின் முதல் மழை கணக்கில் வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பந்தலின் வடக்கு ஓரத்தில் நாம் இருப்போம். கிளைக் கிராமத்தார் ஊருக்கு மூன்று பெயர் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறுங்கள்.